விளக்கைக் குறைத்தால் மின்சாரம் குறையுமா?

சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் ஒரு வேடிக்கை நடந்தது. கூடத்துச் சுவரில் வெகுகாலமாக ஒரு குமிழ் இருக்கிறது. அதை வலப்புறமாகத் திருகினால் கூடத்து விளக்கு பளிச்சென்று எரியும். இடப்புறமாகத் திருகத் திருக ஒளி படிப்படியாகக் குறைந்து, கடைசியில் உலையில் காய்ந்த கம்பியைப் போலச் செந்நிறமாக மினுங்கும். டிம்மர் என்று கடைக்காரர்கள் சொல்லும் சாதனம் அதுதான். அதில் மாட்டியிருந்த 100 வாட் பல்பு ஒரு நாள் இழை அறுந்து போயிற்று. என் தாயார் கடைக்குப் போய் 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றை வாங்கி வந்து மாட்டினார். குமிழை முழுவதும் திருகியபோது பல்பு ஒழுங்காக எரிந்தது. பாதிக்குக் கொண்டுவந்தாரோ இல்லையோ, துடிக்கத் தொடங்கிவிட்டது! இன்னும் சற்றுத் திருகியதும் அணைந்தது, தானே எரிந்தது, மீண்டும் அணைந்தது. கூடவே வண்டு ரீங்கரிப்பது போல ஓர் ஓசை வேறு.

"ஏண்டா, நல்ல பல்புன்னுதானே கொடுத்தான்? நீதான் பிசிக்ஸ் வாத்தியாராச்சே, என்னன்னு பாரு" என்றார் அம்மா.

பல்பில் குறையில்லை. டிம்மரிலும் குறையில்லை. தனித்தனியே இரண்டும் நல்லவை, சேர்ந்தால் ஒத்துப்போகாதவை. ஏன் ஒத்துப்போகவில்லை என்று தெரிய வேண்டுமானால், விளக்கொளியைக் குறைக்க மனிதன் இதுவரை கையாண்ட வழிகளை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அப்படிப் பார்க்கும்போது இன்னொரு கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்: ஒளியைக் குறைத்தால் மின்சாரச் செலவும் அதே அளவு குறையுமா?

வயலும் மடையும்

வாய்க்காலில் நீர் நிறைய வருகிறது. உங்கள் வயலுக்கு அதில் பாதி போதும். என்ன செய்வீர்கள்? மடையை முழுவதும் திறந்துவிட்டு, மிகுந்த நீரை வடிகால் வழியே வெளியேற்றலாம். அல்லது ஒரு மணி நேரத்தில் அரை மணி மட்டும் மடையைத் திறந்து, அரை மணி மூடி வைக்கலாம். இரண்டிலும் வயலில் தங்கும் நீர் ஒரே அளவுதான். முதல் வழியில் பாதி நீர் வீண். இரண்டாவது வழியில் ஒரு சொட்டும் வீணில்லை. ஆனால் மடையருகே ஒருவர் ஓயாமல் உட்கார்ந்து திறந்து மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

மின்விளக்கிலும் இந்த இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி 1881-லேயே வந்துவிட்டது. இரண்டாவது வழிக்கு, ஒரு விநாடிக்கு நூறு முறை சலிக்காமல் மடை திறக்கும் ஆள் வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட ஆள் வீட்டுச் சுவருக்குள் அடங்கும் அளவில் கிடைக்க மேலும் எழுபது, எண்பது ஆண்டுகள் ஆயின.

நாடக மேடையில் தொடங்கிய கதை

லண்டன் நகரில் சவாய் நாடக அரங்கு 1881-இல் திறக்கப்பட்டது. பொதுமக்கள் கூடும் கட்டடங்களுள் முழுவதும் மின்விளக்குகளாலேயே ஒளியூட்டப்பட்ட முதற் கட்டடம் என்று அதைச் சொல்வார்கள். ஜோசப் ஸ்வான் என்பவர் உருவாக்கிய இழை விளக்குகள் அங்கே ஏறத்தாழ 1,200 எரிந்தன. மக்களுக்கோ மின்விளக்கென்றால் அச்சம். அரங்கின் உரிமையாளர் ரிச்சர்ட் டாய்லி கார்ட் 1881 டிசம்பர் 28 அன்று தாமே மேடையேறி, எரியும் விளக்கு ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி உடைத்துக் காட்டினார். துணி தீப்பற்றவில்லை. கண்ணாடி உடைந்து காற்று உள்ளே புகுந்ததும் இழை கணத்தில் எரிந்து அறுந்துவிடுகிறது. துணியைப் பற்றவைக்கும் அளவுக்கு அதில் வெப்பம் மிஞ்சுவதில்லை. (நீங்கள் இதைச் செய்து பார்க்க வேண்டாம். கண்ணாடித் துண்டுகள் பொல்லாதவை.)

அதற்கு முன்பு நாடக அரங்குகளில் எரிவாயு விளக்குகள் இருந்தன. அவற்றின் ஒளியைக் குறைப்பது எளிது. குழாயைத் திருகினால் போதும். பொழுது சாயும் காட்சிக்கு மெல்ல மெல்ல இருள வேண்டும், விடியும் காட்சிக்கு மெல்ல மெல்ல வெளுக்க வேண்டும் அல்லவா? எனவே, மின்விளக்கும் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டால்தான் மேடையில் நிலைக்க முடியும் என்ற நிலை. சவாய் அரங்கில் இதற்காக மின்தடைகளைப் பயன்படுத்தினார்கள். விளக்குக்குப் போகும் மின்னோட்டத்தின் வழியில் ஒரு தடையைத் தொடரில் வைத்தால், மின்னழுத்தத்தின் ஒரு பகுதியை அது எடுத்துக்கொள்ளும். விளக்குக்குக் கிடைப்பது குறையும். உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் உள்ள ரியோஸ்டாட் செய்வதும் இதையேதான்.

தடைக்கம்பிக்குப் பதிலாக உப்பு நீரைக் கையாண்ட அரங்குகளும் உண்டு. ஒரு மண்சாடியில் உப்பு நீர். அடியில் ஓர் உலோகத் தகடு. மேலே கயிற்றில் தொங்கும் இன்னொரு தகடு. தகடுகள் நெருங்கினால் தடை குறைந்து விளக்கு பிரகாசிக்கும், விலகினால் மங்கும். காட்சி நீண்டால் நீர் சூடேறி ஆவி பறக்கும். நாடகம் முடிவதற்குள் சாடியில் நீர் குறைந்துவிடும். ஆபத்தான ஏற்பாடு. ஆயினும் இருபதாம் நூற்றாண்டில் பல ஆண்டுகள் இது புழக்கத்தில் இருந்தது.

அந்த ஆவி எங்கிருந்து வந்தது? நாம் "குறைத்துவிட்டோம்" என்று நினைத்த மின்னாற்றலிலிருந்துதான்.

ஒரு சிறு கணக்கு

பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டில் எரியும் 100 வாட் இழை பல்பு எடுக்கும் மின்னோட்டம் 100 ÷ 230, அதாவது 0.43 ஆம்பியர். இதன் மின்னழுத்தத்தைச் சரிபாதியாக, 115 வோல்ட்டாகக் குறைக்கிறோம். மின்னோட்டமும் பாதியாகும் என்று நினைப்பீர்கள். ஓமின் விதிப்படி தடை மாறாமல் இருந்தால் அப்படித்தான் ஆகும். ஆனால் டங்ஸ்டன் இழை சூடு குறையும்போது அதன் தடையும் குறைகிறது. முழு ஒளியில் 529 ஓம் இருந்த தடை இப்போது ஏறத்தாழ 400 ஓம். (முற்றிலும் குளிர்ந்தால் 40 ஓம் அளவுக்கு இறங்கிவிடும்.) எனவே மின்னோட்டம் 0.29 ஆம்பியர், பல்பு எடுக்கும் திறன் சுமார் 33 வாட்.

திறன் மூன்றில் ஒரு பங்காயிற்று. ஒளி? இங்கேதான் வியப்பு. இழை விளக்கின் ஒளி, மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 3.4-ஆம் அடுக்குக்கு ஏற்ப மாறுகிறது. மின்னழுத்தம் பாதியானால் ஒளி பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் கீழே போய்விடும்! காரணம், சூடு குறைந்த இழை தன் ஆற்றலில் பெரும்பகுதியைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வெளியிடுகிறது. விளக்கு செக்கச் செவேலென்று மாறுவதும் அதனால்தான்.

இனித் தடையின் பங்கைப் பார்ப்போம். 115 வோல்ட்டைத் தடை எடுத்துக்கொள்கிறது, அதே 0.29 ஆம்பியர் அதன் வழியாகவும் ஓடுகிறது. ஆக அங்கும் 33 வாட். இரண்டையும் கூட்டினால் 66 வாட். ஒளி பத்தில் ஒன்றாகிவிட்டது. மீட்டரோ மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. நம் கேள்விக்கு முதல் விடை கிடைத்துவிட்டது பாருங்கள்.

பழைய வீடுகளில் சுவரில் பெட்டி பெட்டியாக இருந்த மின்விசிறி ரெகுலேட்டரும் இதே இனம்தான். விசிறியை ஒன்றாம் எண்ணில் வைத்துவிட்டு அந்தப் பெட்டியைத் தொட்டால் கதகதப்பாக இருக்கும். காற்றும் இல்லை, சேமிப்பும் இல்லை! இன்று வரும் பல ரெகுலேட்டர்களில் தடைக்குப் பதில் மின்தேக்கி வைக்கிறார்கள். மின்தேக்கியில் மின்னோட்டமும் மின்னழுத்தமும் கால் சுற்று முன்பின்னாக இருப்பதால், அது வாங்கிய ஆற்றலைச் சூடாக்காமல் திருப்பிக் கொடுத்துவிடும்.

தடையை விலக்கிய மின்மாற்றி

மாறுதிசை மின்னோட்டம் பரவியதும் வேறொரு வழி பிறந்தது. வளையம் போன்ற இரும்பு உள்ளகத்தின் மேல் செம்புக் கம்பியை ஒரே சுருளாகச் சுற்றி, அதன்மேல் கரித்தூரிகை ஒன்று நகரும்படி செய்தால், வேண்டிய மின்னழுத்தத்தைச் சுருளின் எந்த இடத்திலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். வேரியாக் என்ற பெயரில் இது 1930-களில் வந்தது. நம் கல்லூரி ஆய்வுக்கூடங்களில் டிம்மர்ஸ்டாட் என்று சொல்கிறோம். சுருளில் வீணாவது சிறிதளவே. மேலே செய்த கணக்கில் 66 வாட் இருந்த இடத்தில் 33 வாட்டும் கொஞ்சமும் என்று வைத்துக்கொள்ளலாம். மின்னோட்டத்தின் அலைவடிவமும் கெடாது. எனக்கு மிகவும் பிடித்த சாதனம் இது. ஆனால் எடை? ஒரு நாடக அரங்குக்கு ஐம்பது டிம்மர் வேண்டுமென்றால், ஐம்பது இரும்பு உருளைகளை எங்கே வைப்பது? வீட்டுச் சுவருக்குள் புதைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

நூறு முறை திறக்கும் மடை

இப்போது இரண்டாவது வழிக்கு வருவோம். ஒரு சுவிட்சில் எவ்வளவு ஆற்றல் வீணாகும் என்று எண்ணிப் பாருங்கள். சுவிட்ச் மூடியிருக்கும்போது அதன் வழியே மின்னோட்டம் ஓடுகிறது. ஆனால் அதன் இரு முனைகளுக்கிடையே மின்னழுத்தம் ஏறத்தாழ இல்லை. திறந்திருக்கும்போது முழு மின்னழுத்தமும் அதன்மேல் நிற்கிறது. ஆனால் மின்னோட்டம் இல்லை. திறன் என்பது மின்னழுத்தம் பெருக்கல் மின்னோட்டம். இரண்டு நிலையிலும் ஒன்று சுழி. எனவே பெருக்கினால் சுழி. நடுவில் நிற்கும் தடைதான் சூடாகிறதே தவிர, முழுவதும் "ஆம்" அல்லது முழுவதும் "இல்லை" என்று நிற்கும் சுவிட்ச் சூடாவதில்லை. இந்த ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டால் இன்றைய டிம்மர்கள் எல்லாம் உங்களுக்கு விளங்கிவிடும்.

1957-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தார் தைரிஸ்டர் எனும் குறைகடத்திச் சுவிட்சை உருவாக்கினார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, நியூயார்க்கில் ஜோயல் ஸ்பைரா என்ற இளைஞர் தம் வீட்டிலேயே ஆய்வு செய்து, இந்தச் சுவிட்சைக் கொண்டு சுவரிலுள்ள சாதாரண சுவிட்சுப் பெட்டிக்குள் அடங்கும் டிம்மரை வடிவமைத்தார். அவர் இயற்பியல் பட்டதாரி. 1961-இல் இதற்கென்றே லூட்ரான் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னர் வந்த டிரையாக், இரண்டு தைரிஸ்டர்களின் வேலையை ஒன்றாகவே செய்வது. எங்கள் கூடத்துக் குமிழுக்குப் பின்னால் இருப்பதும் ஒரு டிரையாக்தான்.

அது வேலை செய்யும் விதம் இது. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்றுகள் அலைகிறது. ஒரு சுற்றில் மேலே ஓர் அரை அலை, கீழே ஓர் அரை அலை. ஒவ்வொன்றும் 10 மில்லிவிநாடி. அரை அலை தொடங்கும்போது டிரையாக் மூடிய கதவு. குமிழோடு இணைந்த தடையின் வழியாக ஒரு சிறு மின்தேக்கி மெல்ல மின்னேறுகிறது. அது குறிப்பிட்ட அளவை எட்டியதும் டிரையாக்கின் வாயில் முனையில் ஒரு தட்டுத் தட்டும். கதவு சட்டென்று திறக்கும். திறந்த கதவு, தன் வழியே ஓடும் மின்னோட்டம் ஏறத்தாழச் சுழியாகும் வரை மூடாது. அரை அலை முடியும்போது மின்னோட்டம் தானே சுழியாகிறது, கதவு மூடுகிறது. அடுத்த அரை அலையில் மறுபடியும் இதே கதை. விநாடிக்கு நூறு முறை!

குமிழை இடப்புறம் திருகினால் தடை கூடும். மின்தேக்கி நிரம்ப நேரமாகும். கதவு தாமதமாகத் திறக்கும். விளக்குக்குக் கிடைக்கும் துண்டு சிறுத்துவிடும். நாம் கணக்கிட்ட அதே 115 வோல்ட் விளைவு கிடைக்க, ஒவ்வொரு அரை அலையிலும் சுமார் 6.3 மில்லிவிநாடி கதவு மூடியிருந்தால் போதும். டிரையாக்கில் வீணாவது அரை வாட்டுக்கும் குறைவு. தடையில் 33 வாட் வீணானதை நினைத்துப் பாருங்கள்.

குறையே இல்லையா என்றால், உண்டு. 6.3 மில்லிவிநாடி கழித்துக் கதவு திறக்கும் கணத்தில் மின்னழுத்த அலை எங்கே நிற்கிறது தெரியுமா? ஏறத்தாழ 297 வோல்ட்டில். சுழியிலிருந்து 297 வோல்ட்டுக்கு ஒரே தாவல்! இந்தத் தாவல்தான் பக்கத்திலுள்ள மத்திய அலை வானொலியில் 'கர்ர்' என்ற இரைச்சலாகக் கேட்பது. பெரிய பல்புகளின் இழை இந்த அதிர்ச்சியில் மெல்ல ரீங்கரிப்பதும் உண்டு. ஒரு கம்பிச் சுருளும் மின்தேக்கியும் சேர்த்து இந்தத் தாவலைச் சற்று மழுக்கி விடுவார்கள்.

ஒளி விட்டு விட்டு வருகிறதே, கண்ணுக்கு ஏன் தெரியவில்லை? டங்ஸ்டன் இழை அவ்வளவு விரைவில் ஆறுவதில்லை. துண்டு துண்டாக வரும் ஆற்றலை வெப்பமாக இருத்திக்கொண்டு சீராகவே ஒளிர்கிறது. இழை விளக்கின் இந்த மந்தகுணம் டிம்மருக்கு எவ்வளவு பெரிய உதவி என்பது, அந்த விளக்கு போன பிறகுதான் புரிந்தது.

குழல் விளக்கை ஒரு வரியில் கடந்துவிடலாம்: அதற்குள் மின்வில் அறுந்துவிடாமல் காக்க வேண்டியிருப்பதால் சாதாரண டிம்மர் அதற்கு ஆகாது, தனியான மின்னணுச் சோக் வேண்டும்.

எல்.இ.டி. ஏன் துடித்தது?

ஒளி உமிழ் டையோடு, அதாவது எல்.இ.டி., முற்றிலும் வேறு சாதி. வெள்ளை எல்.இ.டி. ஒன்றுக்கு 3 வோல்ட் அளவில் போதும். ஆனால் மின்னழுத்தம் சிறிது கூடினாலும் மின்னோட்டம் பன்மடங்கு பாய்ந்துவிடும். ஆகவே, பல்பின் அடிப்பகுதியில் ஒரு சிறு மின்சுற்றை ஒளித்து வைத்திருக்கிறார்கள். டிரைவர் என்று அதற்குப் பெயர். மாறுதிசை மின்னோட்டத்தை நேர்த்திசையாக்கி, ஒரு மின்தேக்கியில் சேமித்து, எல்.இ.டி.க்கு எப்போதும் ஒரே மின்னோட்டம் கிடைக்கும்படி பார்த்துக்கொள்வது அதன் வேலை. வீட்டில் மின்னழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் அசையாமல் எரிவது அதன் பெருமை.

இதை டிம்மரில் மாட்டினால் என்னவாகும்? டிம்மர் மின்சாரத்தை நறுக்குகிறது. டிரைவரோ, "மின்னழுத்தம் குறைந்துவிட்டது போலிருக்கிறது, ஈடுகட்டுவோம்" என்று முயல்கிறது. ஒருவர் குறைக்க, ஒருவர் கூட்ட, இழுபறி!

அது மட்டுமன்று. திறந்த டிரையாக் திறந்தபடியே இருக்க, சில பத்து மில்லி ஆம்பியர் மின்னோட்டமாவது ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது பொதுவான நிலை. 100 வாட் பல்புக்கு 430 மில்லி ஆம்பியர், கவலையே இல்லை. 9 வாட் பல்புக்குச் சராசரியாக 40 மில்லி ஆம்பியர் தேறுவதே பெரிது. அதுவும் சீராக ஓடாமல் திடுமெனப் பாய்ந்து நின்றுவிடும். மின்தேக்கி நிரம்பியதும் மின்னோட்டம் நிற்கிறது, கதவு நடுவழியில் மூடிக்கொள்கிறது, மறுபடி திறக்கிறது. இன்னொன்றும் கவனியுங்கள். நம் வீட்டு டிம்மருக்குப் பொதுவாக இரண்டு கம்பிகளே உண்டு. அதன் நேரம் காட்டும் மின்தேக்கிக்கு மின்சாரம் வர வேண்டுமானால் பல்பின் வழியாகத்தான் சுற்று முழுமையாக வேண்டும். இழை பல்பு எப்போதும் திறந்த பாதை. எல்.இ.டி. பல்போ தனக்கு வேண்டியபோது மட்டும் பாதை விடும். ஆகவே, கடிகாரமே தாறுமாறாகி, ஓர் அரை அலையில் முன்னதாகவும் அடுத்ததில் பின்னதாகவும் கதவு திறக்கிறது. இதைத்தான் அம்மா கண்ட துடிப்பு என்க. இப்படியே விட்டுவைத்தால், திடீர் மின்னோட்டப் பாய்ச்சலில் பல்பும் சீக்கிரம் போய்விடக்கூடும்.

'டிம்மருக்கு ஏற்றது' என்று அட்டையில் அச்சிட்ட எல்.இ.டி. பல்புகளும் கடைகளில் உண்டு. அவை என்ன செய்கின்றன? டிரையாக் மூடிவிடாமல் இருக்க வேண்டி, ஒரு தடையின் வழியே சிறிது மின்னோட்டத்தை வேண்டுமென்றே ஓடவிடுகின்றன! சவாய் அரங்கின் வடிகால், சிறிய உருவில் மறுபடியும் வந்துவிட்டது. மீதியுள்ள நறுக்கிய அலையை அளந்து, "ஓகோ, வீட்டுக்காரர் பாதி ஒளி கேட்கிறார்" என்று புரிந்துகொண்டு, டிரைவர் தானே ஒளியைக் குறைக்கிறது.

டிரைவர் ஒளியைக் குறைக்கும் வழிகள் இரண்டு. எல்.இ.டி.யின் மின்னோட்டத்தையே குறைப்பது ஒன்று. துடிப்பே இருக்காது, ஆனால் மிகக் குறைந்த ஒளியில் நிறம் சற்று மாறலாம். மற்றொன்று நம் மடைக்கணக்கு. முழு மின்னோட்டத்தையே விட்டு விட்டுக் கொடுப்பது. நூறில் பத்துப் பங்கு நேரம் எரிந்து தொண்ணூறு பங்கு நேரம் அணைந்திருந்தால், கண்ணுக்குப் பத்தில் ஒரு பங்கு ஒளி. போதிய விரைவில் துடிக்கும் ஒளி, அதன் சராசரி ஒளியாகவே கண்ணுக்குத் தோன்றும் என்பதை 1830-களிலேயே டால்பாட், பிளாட்டோ என்ற இருவர் கூறிவிட்டார்கள்.

போதிய விரைவு என்றால் எவ்வளவு? டங்ஸ்டன் போல் எல்.இ.டி. மந்தமானதன்று, மின்னோட்டம் நின்ற கணத்தில் இருண்டுவிடும். எனவே, ஒளிவிடும் வேகத்தைக் கண் உணரும் எல்லைக்கு வெகுமேலே வைக்க வேண்டும். நூறு துடிப்பைக் கண் நேராகக் காணாது. ஆயினும் உடல் உணர்கிறது. 1989-இல் இங்கிலாந்தில் ஓர் அலுவலகத்தில் செய்த ஆய்வில், விநாடிக்கு நூறு முறை துடித்த குழல் விளக்குகளை மிகு அதிர்வெண் விளக்குகளாக மாற்றியபோது, ஊழியர்களின் தலைவலி பாதிக்கும் கீழே குறைந்தது. சுழலும் கடைசல் இயந்திரம் துடிக்கும் ஒளியில் அசையாமல் நிற்பதாகத் தோன்றிவிட்டால், கை வைத்தவர் கதி என்னாவது? 2015-இல் ஐ.இ.இ.இ. என்ற பொறியாளர் அமைப்பு வெளியிட்ட பரிந்துரை, விநாடிக்கு 3,000 துடிப்புக்கு மேலே போய்விட்டால் கவலை வேண்டாம் என்கிறது.

உங்கள் வீட்டு விளக்கு எந்த வகை என்று பார்க்க ஆசையா? இருட்டறையில் அந்த விளக்கின் கீழ் ஒரு வெள்ளைப் பென்சிலை விரைவாக முன்னும் பின்னும் ஆட்டுங்கள். பென்சில் சீரான பனிமூட்டம் போல் தெரிந்தால் ஒளி சீரானது. விசிறி மடிப்புப் போல் பல பென்சில்களாகத் தெரிந்தால் ஒளி துடிக்கிறது. கைப்பேசிக் காமிராவை விளக்கருகே காட்டினாலும், துடிக்கும் ஒளியில் திரையில் கரும்பட்டைகள் ஓடுவதைக் காணலாம்.

ஆற்றல் ஒரு வழி, கட்டளை ஒரு வழி

எங்கள் வீட்டுச் சிக்கலின் வேர் இப்போது தெரிகிறதல்லவா? ஆற்றலும் கட்டளையும் ஒரே கம்பியில் வருகின்றன. அலையை நறுக்குவதன் மூலமே செய்தி சொல்ல வேண்டியிருக்கிறது. இவற்றைப் பிரித்துவிட்டால்? விளக்குக்கு முழு மின்சாரம் எப்போதும் போகட்டும். "எவ்வளவு எரி" என்ற செய்தி மட்டும் தனி இணைக் கம்பியில் போகட்டும். பெரிய கட்டடங்களிலும் மேடைகளிலும் இதைத்தான் செய்கிறார்கள்.

மிக எளியது, 0 முதல் 10 வோல்ட் வரை ஒரு நேர்மின்னழுத்தத்தைச் செய்தியாக அனுப்புவது. 10 என்றால் முழு ஒளி. ஆனால் ஒரு கம்பி இணையில் உள்ள விளக்குகள் எல்லாம் ஒன்றாகவே ஏறி இறங்கும்.

மேடைக்கு அது போதாது. ஆகவே, 1986-இல் அமெரிக்க நாடகத் தொழில்நுட்பக் கழகத்தார் டி.எம்.எக்ஸ். 512 என்ற முறையை வகுத்தார்கள். ஒரே கம்பியில் 512 எண்கள் வரிசையாக ஓடும். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. உன் எண் 37 என்றால் 37-ஆவது எண்ணை மட்டும் எடுத்துக்கொள். விநாடிக்கு 2,50,000 பிட்டுகள் வேகம். ஓர் எண்ணுக்கு 11 பிட்டுகள், அதாவது 44 மைக்ரோவிநாடி. 512 எண்களும் தொடக்க எண்ணும் போய்ச் சேர ஏறத்தாழ 22.6 மில்லிவிநாடி. எனவே, எல்லா விளக்குகளுக்கும் விநாடிக்கு 44 முறை புதிய கட்டளை கிடைக்கிறது. கண் ஏமாற இது போதும். ஆனால் இது ஒருவழிப் பேச்சு. விளக்குக் கேட்டதா என்று மேசைக்குத் தெரியாது. தவறு நேர்ந்ததா என்று சரிபார்ப்பதும் இல்லை. அதனால்தான் வாணவெடி போன்ற ஆபத்தானவற்றை இதன்மூலம் இயக்கக் கூடாது என்று அந்த விதிமுறையிலேயே எச்சரித்திருக்கிறார்கள்.

அலுவலகம், மருத்துவமனை போன்ற இடங்களுக்கு டாலி என்ற முறை. வேகம் விநாடிக்கு 1,200 பிட்டுகளே, டி.எம்.எக்ஸோடு ஒப்பிட்டால் நத்தை. ஓர் இணைக் கம்பியில் 64 முகவரிகள்தாம். (ஏன் 64? முகவரிக்கு 6 பிட்டுகள்.) ஆனால் விளக்கு பதில் சொல்லும்! "நான் பழுதாகிவிட்டேன்" என்று அது தெரிவித்தால், ஏணியோடு ஒவ்வோர் அறையாகத் தேட வேண்டியதில்லை.

டாலியில் எனக்குப் பிடித்தது வேறொன்று. நம் கண், ஒளியை நேர்விகிதத்தில் அளப்பதில்லை. கருவி நூற்றில் 25 பங்கு என்று காட்டும் ஒளி, கண்ணுக்குப் பாதி ஒளி போலத் தோன்றும். நூற்றில் ஒரு பங்காகக் குறைத்தாலும் பத்தில் ஒரு பங்கு என்றே தோன்றும். ஆகவே, டாலியில் ஆயிரத்தில் ஒரு பங்கு முதல் முழு ஒளி வரை 254 படிகள் வைத்து, ஒவ்வொரு படியும் முந்தியதைவிட ஏறத்தாழ 2.8 விழுக்காடு கூடுதலாக அமைத்தார்கள். படிகள் சமமில்லை, கண்ணுக்குச் சமமாகத் தெரிகின்றன. சவாய் அரங்கில் மாலைப்பொழுதை மயங்க வைக்க முயன்றவர்களுக்கு இது கிடைத்திருந்தால்!

இனி நம் பழைய கணக்கை முடித்துவிடுவோம். 100 வாட் பல்பின் ஒளியில் பத்தில் ஒரு பங்கு வேண்டும். தடையோடு இழை பல்பு: 66 வாட். டிரையாக்கோடு இழை பல்பு: 33 வாட்டுக்குச் சற்று மேல். அதே ஒளிக்கு நல்ல எல்.இ.டி.: ஒன்றரை வாட் அளவு, டிரைவரின் சிறு செலவு தனி. டிம்மரை மேம்படுத்தியதால் பாதி மிச்சம். விளக்கையே மாற்றியதால் அதைவிடப் பன்மடங்கு மிச்சம். எல்.இ.டி.யில் ஒளியைக் குறைத்தால் மின்சாரமும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் குறைகிறது. இழை பல்பில் அப்படி ஒருபோதும் இருந்ததில்லை.

எங்கள் கூடத்தில் என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். மின்பணியாளரை அழைத்துக் குமிழைக் கழற்றிவிட்டு, சாதாரண சுவிட்ச் இரண்டு போடச் சொன்னேன். ஒன்றில் 9 வாட், மற்றொன்றில் சாமி படத்தின் மேலே அரை வாட் பல்பு. "இதுக்கா இவ்வளவு நாள் யோசிச்சே?" என்றார் அம்மா. கழற்றிய டிம்மர் இப்போது எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்து மேசையில், மூடி திறந்த நிலையில் இருக்கிறது. அதன் மின்தேக்கியைக் கண்டுபிடித்துக் காட்டுவது முதலாண்டு மாணவர்களுக்கு நான் வைக்கும் முதல் வேலை.